எங்கள் கையில் தரும் தாளில் தமிழிலும் நான்கு வரி எழுதுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வரும் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும், அந்த நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியை எழுதும் இளம் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் பாலக்கோட்டில் மருந்துக்கடை நடத்துகிறேன். கடை போட்டு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாலை ஆறரைக்கு மேல் பெங்களூரிலிருந்து ஓசூர், ராயக்கோட்டை வழியாக வரும் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். சேலத்திலிருந்து தருமபுரி வந்து பஸ் மாறி வருகிறவர்களும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்வார்கள். இறங்குகிறவர்களில் வாரத்துக்கு நான்கைந்து பேராவது வீட்டுக்குப் போகும் முன் என் கடைக்கு வருகிறார்கள். கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் ஃபைல். மருந்து வாங்குவதாகச் சொல்லித்தான் வருவார்கள். வாங்கிய பிறகும் போக மாட்டார்கள். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, ஃபைலை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள்.

அந்தத் தாளை எழுதியவர்கள் நீங்கள். படித்துச் சொல்ல வேண்டியவனாக நான் நிற்கிறேன். நான் படித்தது டி.பார்ம். இந்த வேலைக்கு நான் ஏற்ற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்கு மனக்கசப்பு எதுவும் கிடையாது. புற நோயாளிகள் பிரிவில் ஒரே காலைப்பொழுதில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று என் அக்காவுடன் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாயால் நீங்கள் விளக்கமாகத்தான் சொல்கிறீர்கள். பலர் நல்ல தமிழில் பொறுமையாகவே சொல்கிறீர்கள். ஆனால் "கேன்சர்" என்ற சொல் காதில் விழுந்த பிறகு சொல்லப்படும் எதுவும் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்குள் போவதில்லை. தலையை ஆட்டுவார், எழுந்து வருவார், வெளியே வந்ததும், கூட வந்தவரிடம் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்பார். வீடு வரைக்கும் அவருடன் வருவது நீங்கள் கொடுத்த தாள் ஒன்றுதான். அந்தத் தாள் முழுக்க இரண்டெழுத்து, மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கங்கள்.

மருந்துக்கடைக்காரனுக்குச் சுருக்கெழுத்துப் புதிதில்லை. ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இவற்றில் பெரும்பாலானவை லத்தீன் மொழியிலிருந்து வந்தவை என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் கடையில் மாத்திரை போட்டுத் தரும் காகித உறையில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சிட்டிருக்கும். வேண்டிய கட்டத்தில் டிக் அடித்து, சாப்பிடும் முன்பா பின்பா என்று ஒரு சொல் எழுதித் தருகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிச் சரியாகச் சாப்பிடுகிறார். இருமல் மாத்திரைக்கு இவ்வளவு செய்கிற ஊரில், இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை உயிரைப் பணயம் வைத்து ஏற்றிக்கொள்ளும் மருந்துக்கு அப்படி ஒரு உறை இல்லை.

புற்றுநோய்த் தாளில் இருக்கும் எழுத்துகளை நான் கற்றுக்கொண்டது என் அக்காவுக்கு நோய் வந்த பிறகுதான். கற்றுக்கொள்வதற்குள் ஒரு தவறும் செய்துவிட்டேன்.

அக்காவுக்கு இடது மார்பில் கட்டி. ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள், அறுவை சிகிச்சையும் முடிந்தது. சதைப் பரிசோதனை முடிவில் "ஈ.ஆர். பாசிட்டிவ்" என்று இருந்தது. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை என்று அதற்குப் பொருள், இதற்கு மாத்திரை உண்டு, நல்ல செய்திதான் என்று மருத்துவர் சொன்னதை அக்கா அப்படியே மனத்தில் பிடித்துக்கொண்டார். ஆறுதலாக அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். பிறகு கீமோ தொடங்கியது. இரண்டாவது முறை முடித்து அனுப்பும்போது கொடுத்த தாளின் கடைசியில், எஃப்.என். வந்தால் ஈ.ஆர்.-க்கு வரவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியதுதான்.

அந்த ஈ.ஆர்., ஹார்மோன் சம்பந்தப்பட்ட ஏதோ பரிசோதனை என்று அக்கா நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தாம் நாள் இரவு அவருக்குக் குளிர் நடுக்கம் வந்தது. தெர்மாமீட்டரில் 101. கடையிலிருந்து 650 மில்லிகிராம் பாரசிட்டமால் எடுத்துப் போய் நானே என் கையால் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வியர்த்துச் சூடு இறங்கியது. போர்வையைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். விடியும் முன் அக்காவின் பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. கை கால் சில்லிட்டிருந்தன. வண்டி பிடித்துத் தருமபுரிக்கு ஓடினோம். அங்கே பணியில் இருந்த மருத்துவர் தாளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "நேற்று ராத்திரியே ஏன் வரவில்லை?"

எஃப்.என். என்றால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் வரும் காய்ச்சல். ஈ.ஆர். என்றால் அவசரப் பிரிவு. கீமோ ஏற்றி ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பாரசிட்டமால் போட்டால் சூடு மட்டும் இறங்கி ஆபத்து மறைந்துகொள்ளும். கீமோவில் இருப்பவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் அதைக் கொடுக்கக் கூடாது. இவையெல்லாம் அன்று காலை நான் தெரிந்துகொண்டவை. அக்காவுக்கு நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை 300 என்று வந்தது. 500-க்குக் கீழே போனாலே கவலைக்கிடம். ஒன்பது நாள் படுக்கையில் இருந்து பிழைத்து வந்தார். இப்போது நன்றாக இருக்கிறார். நான்தான் இன்னும் அந்தப் பாரசிட்டமால் அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

ஆங்கிலம் தெரியாததால் அல்ல நாங்கள் தவறியது. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ஒரே ஃபைலில் முதல் பக்கத்தில் ஒரு பொருளும் ஐந்தாம் பக்கத்தில் வேறு பொருளும் தரும் இரண்டு எழுத்து எங்களைத் தவறவைத்தது.

இப்படி இரட்டைப் பொருள் தரும் எழுத்துகள் உங்கள் தாள்களில் எத்தனை இருக்கின்றன என்று அதற்குப் பிறகு எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். சி.டி. என்றால் ஸ்கேன். அதே சி.டி. சிலருடைய கையெழுத்தில் கீமோ. ஆறு சி.டி. முடிந்தது என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஆறு முறை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, இவ்வளவு கதிர் உடம்புக்கு ஆகுமா என்று பயந்துபோய்க் கேட்டவர் உண்டு. பி.ஆர். என்றால் சதைப் பரிசோதனையில் ஒரு ஹார்மோன் ஏற்பி; ஸ்கேன் முடிவில் நோய் ஓரளவு குறைந்திருக்கிறது என்று பொருள்; குடல் நோயாளியின் தாளில் ஆசனவாய் வழியாகச் செய்யும் பரிசோதனை. ஏ.சி. என்று பார்த்தால் என் கண்ணுக்குச் சாப்பாட்டுக்கு முன் என்றுதான் படும். என் அக்காவின் தாளில் அது இரண்டு கீமோ மருந்துகளின் முதலெழுத்துகள். அவற்றில் ஒன்று சிறுநீரையே சிவப்பாக்கும் அந்தச் சிவப்பு மருந்து. சி-யும் ஏ-யும் சேர்ந்தால் புற்றுநோய். எண்ணுடன் வந்தால், அதாவது 125, 15-3, 19-9 என்று வந்தால், ரத்தத்தில் பார்க்கும் குறியீட்டுப் பரிசோதனைகள். சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளில் வந்தாலோ கால்சியம். எலும்பு வலிக்காக ரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஓர் அம்மா, தாளில் அந்த இரண்டு எழுத்தும் பக்கத்தில் 9.1 என்ற எண்ணும் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் அழுதிருக்கிறார். உடம்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்து சரியான அளவில் இருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லியிருந்தது.

எல்லாவற்றிலும் கொடியது ஆர்.டி. எங்கள் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சையைக் கரண்ட் வைப்பது என்பார்கள். அந்தக் கரண்டுக்கு ஆர்.டி. என்று எழுதுகிறீர்கள். மூக்கு வழியாக இரைப்பைக்குள் விடும் ரைல்ஸ் குழாய்க்கும் ஆர்.டி. வலது பக்கம் என்பதற்கும் அதே இரண்டு எழுத்து. புகையிலை மென்று கன்னத்தில் புண் வந்த ஒருவரின் மனைவி சென்ற ஆண்டு என் கடைக்கு வந்தார். திங்கட்கிழமையிலிருந்து கரண்ட் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தாளில் ஆர்.டி. வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி என்று இருக்கிறது. எட்டாவது படிக்கும் மகன் செல்போனில் தேடி, ஆர்.டி. என்றால் கதிர்வீச்சு என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறான். ஆகவே கரண்ட் தொடங்கிய பிறகுதான் குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டும் என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டார். வியாழன் இரவு வீட்டுக்கு வந்தவருக்குச் சனி மாலை வரை தண்ணீரும் கொஞ்சம் இளநீரும் மட்டும். "பசிக்கிறது என்று கையால் காட்டுகிறார், கொடுத்தால் எதுவும் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று என் முன்னால் நின்று சொன்னார். ராகிக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டிக் குழாயில் ஊற்றலாம் என்று மருத்துவமனையில் செய்தே காட்டியிருக்கிறார்கள், அதையும் சொன்னார். செவிலியர் சொல்லிக்கொடுத்ததை அவர் மறக்கவில்லை. எழுத்தில் இருந்ததற்கு அதிக மதிப்புக் கொடுத்துவிட்டார். உங்கள் எழுத்தின் மேல் எங்கள் மக்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மருந்துச் சீட்டிலும் இதே கதைதான். மாரண்டஹள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். குடல் புற்றுநோய்க்குக் கேபிசிட்டபைன் மாத்திரை சாப்பிடுகிறவர். காலை, இரவு இரண்டு வேளை, பதினான்கு நாள் சாப்பிட்டுவிட்டு ஏழு நாள் நிறுத்த வேண்டும். இருபத்தொரு நாளில் அடுத்த சுற்று. இதை டி.1 முதல் டி.14 வரை, க்யூ.21டி என்று எழுதியிருந்தார்கள். அவர் கண்ணில் 21 மட்டும் பட்டிருக்கிறது. பதினைந்தாம் நாள் காலை, மாத்திரை தீர்ந்துவிட்டது, இன்னும் ஒரு வாரத்துக்கு வேண்டும் என்று வந்து நின்றார். சந்தேகப்பட்டுக் கையைக் காட்டச் சொன்னேன். தக்காளிப் பெட்டி தூக்கும் கை. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. அந்த மாத்திரை செய்யும் வேலை அது. ஃபைலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து அங்கே இருந்த செவிலியரிடம் பேசவைத்து, மாத்திரை கொடுக்காமல் அனுப்பினேன். வேறு கடைக்குப் போயிருந்தால், அங்கே கூட்டமாக இருந்திருந்தால், ஏழு நாளும் சாப்பிட்டிருப்பார்.

மற்றச் சுருக்கங்கள் இவ்வளவு ஆபத்தானவை இல்லை. ஆனால் ஆளைத் தூங்கவிடாதவை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் டி., என்., எம். என்ற மூன்று எழுத்தை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கிவிடலாம் என்பது என் அனுபவம். டி. என்பது முதலில் தோன்றிய கட்டி, எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழம் என்பது. என். என்பதை நெறி என்று நினைத்துக்கொள்ளச் சொல்வேன்; காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா, அதே நெறிகளில் நோய் போயிருக்கிறதா என்பது. எம். என்பது தூரத்து உறுப்புக்கு, நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளைக்குப் போயிருக்கிறதா என்பது. பூஜ்யம் என்றால் இல்லை. முன்னால் சி. இருந்தால் கையாலும் ஸ்கேனாலும் பார்த்துச் சொன்னது, பி. இருந்தால் அறுத்து எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது. இவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் சொல்லாமல் விட்டால் எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்து, விடைத்தாளில் போடும் தப்புக் குறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் பார்க்கவில்லை, அளவிட முடியவில்லை என்று அதற்குப் பொருள் என்பது எப்படித் தெரியும்? கிரேடு 3 என்பது செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகும் தன்மையுடையவை என்பதைக் குறிக்கிறது. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சின்னக் கட்டியுடன் வந்த பெண்ணைக் கிரேடு 3 என்ற எழுத்தை வைத்து மூன்றாம் கட்டம் என்று உறவுக்காரர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பாசிட்டிவ் என்ற சொல்லும் அப்படித்தான். ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் மாத்திரைக்கு வழி இருக்கிறது. நெறி பாசிட்டிவ் என்றால் அங்கே நோய் இருக்கிறது. வெட்டிய ஓரம் நெகட்டிவ் என்றால் நிம்மதி. ஹெர்2 என்ற புரதத்துக்கான பரிசோதனையில் இரண்டு பிளஸ் வந்தால் உறுதிப்படுத்த இன்னொரு பரிசோதனை வேண்டும். அதை ஃபிஷ் என்று மட்டும் எழுதி அனுப்பினால் மீன் என்றுதான் வாசிப்பார்கள்.

இனி நான் சொல்லப் போவது ஒரு தாளைப் பற்றி. இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன்.

பஞ்சப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், மனைவிக்கு இரைப்பையில் புற்றுநோய். எட்டு மாதம் அலைந்திருக்கிறார்கள். ஒரு மாலை பஸ் இறங்கி வந்தார். பாட்டியும் பேத்தியும் வெளியே நின்றிருந்தார்கள்; பேத்தி பாட்டிக்குப் பன்னை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் ஃபைலை விரித்தார். தாளின் கடைசியில், இனிச் செய்ய வேண்டியது என்ற தலைப்பின் கீழ் மூன்றே எழுத்து: பி.எஸ்.சி. அவர் அதன் மேல் விரலை வைத்து, "இது எனக்குத் தெரியும் தம்பி. பேத்தி பி.எஸ்.சி. முடித்திருக்கிறாள். டாக்டரிடம் இங்கிலீஷில் பேசியது அவள்தான். அதைக் குறித்துவைத்திருக்கிறார்கள்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

அந்த மூன்று எழுத்துக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். நோயைக் குறைக்கும் சிகிச்சை இனி இல்லை. வலியும் சிரமமும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இனிச் சிகிச்சை. நான் தலையை நிமிர்த்தியபோது வெளியே இருந்த பேத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா, தாத்தாவிடம் சொல்ல முடியாமல் நின்றாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பெரியவரிடம், "வலி மாத்திரையைத் தவறாமல் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் ஐயா" என்று மட்டும் சொன்னேன். அவர் சரி என்று ஃபைலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்தச் செய்தியை அந்தக் குடும்பத்துக்குச் சொல்லும் உரிமையும் கடமையும் உங்களுடையவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியது. இருமல் மருந்துக்கும் குளுக்கோஸ் பொட்டலத்துக்கும் நடுவில், பஸ் ஹாரன் சத்தத்தில், என் கடையில் வைத்துத் தெரிய வேண்டியது அல்ல. நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், பேத்தியிடமாவது சொல்லியிருப்பீர்கள். ஆனால் அந்த எழுத்தைப் படிக்க முடியாததால் அவர்கள் இழந்த ஒன்று இருக்கிறது. வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை பார்ப்பது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே எங்கள் பக்கத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். செவிலியரைக் கேட்டுப் பெறலாம் என்று அந்தப் பெரியவருக்கு யாரும் எழுதித் தரவில்லை. நான் விசாரித்துச் சொல்லி, செவிலியர் போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு நாளும் அந்த அம்மா வலியில் கிடந்தார்.

நோயாளிக்குத் தெரிய வேண்டாம் என்று குடும்பத்தாரே கேட்டுக்கொள்கிறார்களே, அதனால்தான் மறைவாக எழுதுகிறோம் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உண்மைதான். என் அம்மாவும் அக்காவின் மருத்துவரிடம் அப்படித்தான் கெஞ்சினார். ஆனால் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் போய் இறங்குகிற ஒருவரிடம் எதை மறைக்கிறோம்? அக்காவுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. எங்களுக்காகத் தெரியாதவர் போல இருந்தார். சுருக்கெழுத்து அவரிடமிருந்து நோயை மறைக்கவில்லை. காய்ச்சல் வந்தால் ஓடி வர வேண்டும் என்பதை மட்டும் மறைத்தது.

டிஸ்சார்ஜ் சம்மரி அடுத்து பார்க்கும் மருத்துவருக்காக எழுதுவது என்பதும் எனக்குப் புரிகிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அன்று தருமபுரியில் அந்த மருத்துவர் ஒரு நிமிடத்தில் அக்காவின் கதை முழுவதையும் தெரிந்துகொண்டது அந்தச் சுருக்கங்களால்தான். ஆனால் உங்களுக்குள்ளேயே இது தவறுகளுக்கு இடம் கொடுக்கிறது என்பதை உங்கள் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் கூட்டு ஆணையம், பயன்படுத்தவே கூடாத சுருக்கங்கள் என்று 2004-இல் ஒரு பட்டியலே போட்டது. யூனிட் என்பதற்கு யு என்று எழுதினால் பூஜ்யமாகப் படித்துப் பத்து மடங்கு இன்சுலின் போட்டுவிடும் ஆபத்து அதற்கு ஒரு காரணம். இங்கிலாந்தில் ராயல் கல்லூரிகள் எனப்படும் மருத்துவர் அமைப்புகளின் கூட்டமைப்பு 2018-இல், புற நோயாளிகளுக்கான கடிதத்தை நோயாளிக்கே, அவருக்குப் புரியும் சொற்களில் எழுதுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. நம் நாட்டிலும் மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது. அந்த விதி மருந்தின் பெயரோடு நின்றுவிட்டது.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியில் இருந்த மாவட்டம் எங்கள் தருமபுரி. புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சென்னை அடையாற்றுக்கும் காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கும் வேலூருக்கும் பெங்களூர் கித்வாய் மருத்துவமனைக்கும் இங்கிருந்து போகிறவர்களில், வீட்டிலேயே முதன்முதலாகப் படித்த ஒரு மகனையோ பேத்தியையோ நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு அவர்கள் மொழியில் எழுதினால் நல்லது.

என்ன எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். என் அக்காவுக்கு அன்று என்ன கிடைத்திருக்க வேண்டும் என்று நானே எழுதிப் பார்த்தேன்:

"உங்கள் இடது மார்பில் மூன்று சென்டிமீட்டர் அளவில் புற்றுநோய்க் கட்டி இருந்தது, அக்குளில் இரண்டு நெறிகளிலும் இருந்தது, உடம்பில் வேறு எங்கும் ஸ்கேனில் தெரியவில்லை. கட்டியையும் நெறிகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டோம். நோய் திரும்பாமல் இருக்க இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறோம், இது இரண்டாவது. அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடு இரவாக இருந்தாலும், மாத்திரை போட்டுப் பார்க்காமல் அருகில் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் இந்தத் தாளைக் காட்டுங்கள். அடுத்த முறை வர வேண்டிய தேதி இது. அதற்கு முந்தைய நாள் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள்."

ஆறு வாக்கியம். எழுத எனக்கு ஆறு நிமிடம் ஆனது. உங்களுக்குப் பாதி நேரம் போதும். பொதுவான வரிகளை அச்சிட்டு வைத்துக்கொண்டால் இன்னும் குறையும். இதோடு, ஒன்றுக்கு மேல் பொருள் தரும் ஆர்.டி., சி.டி., பி.ஆர்., ஈ.ஆர்., ஏ.சி. ஆகியவற்றையாவது நோயாளியின் கைக்குப் போகும் தாளில் விரித்து எழுதுங்கள். மாத்திரை எத்தனை நாள் சாப்பிட வேண்டும், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள்.

என் கடையில் இந்தச் சுருக்கங்களுக்கு இரண்டு பக்கத்தில் தமிழ்ப் பொருள் எழுதி, நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஃபைலுடன் வருகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். என் அறிவுக்கு எட்டியதை எழுதியிருக்கிறேன், பிழை இருக்கும். உங்களில் யாராவது கேட்டால் அனுப்புகிறேன். திருத்தித் தாருங்கள், திருத்தியதை அச்சிடும் செலவு என்னுடையது. அந்தப் பட்டியலில் பி.எஸ்.சி. என்ற இடத்துக்கு எதிரில் மட்டும் ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் அங்கே உட்காரவில்லை. அந்த வரியை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர்